கெற்: மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றின் கதை

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய எவரும் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. கடிதம் கிடைத்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். பஸ்ஸில் ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். வருத்தம் வந்தால், சுகமானால், பகிடி விளங்கினால், அடி வாங்கினால், வீடு போய்ச் சேர்ந்தால், எல்லாவற்றுக்கும் அந்த மூன்று எழுத்தையே வெள்ளைக்காரர் எடுத்து வீசுகிறார்கள். கெற்.

மார்க்கற், ரிக்கற் என்று நாங்கள் எழுதுகிற மாதிரியே இதையும் கெற் என்று எழுதுகிறேன். கெட் என்று எழுதினால் கெட்டுப்போன பால்தான் ஞாபகம் வருகிறது. அதன் இறந்தகால வடிவம் கொற்.

ரியூசன் வகுப்புகளில் இதற்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். கெற் என்றால் பெறு, வாங்கு, அடை, ஆகு, விளங்கு என்று நீளும். பிள்ளைகள் பாடமாக்குவார்கள். சோதினை முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும், அடுத்த ஆங்கிலப் படத்தில் பட்டியலில் இல்லாத ஒரு கெற் வந்து நிற்கும். பட்டியலைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தச் சொல்லின் அடியில் ஒரே ஒரு செயல்தான் கிடக்கிறது: கையை நீட்டி எட்டிப் பிடிப்பது. அந்தக் கை எங்கெங்கு நீண்டது என்று பார்த்துக்கொண்டு போனால் பட்டியல் தானாகவே சுருங்கும். அதைவிட, இதே வேலையைத் தமிழும் செய்திருக்கிறது என்பதால் எங்களுக்கு இது அவ்வளவு அந்நியமான சொல்லும் இல்லை.

கடலால் வந்த சொல்

கெற் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. கப்பலில் வந்த சொல்.

793ஆம் ஆண்டு, டென்மார்க், நோர்வே பக்கமிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள லிண்டிஸ்பார்ன் என்ற சிறு தீவின் மடாலயத்தைக் கொள்ளையடித்தார்கள். அது தொடக்கம். 866இல் யோர்க் நகரத்தையே பிடித்தார்கள். அப்புறம் கொள்ளையடிக்க வந்த கூட்டத்தில் பலர் திரும்பிப் போகவில்லை. காணி பிடித்து, வயல் உழுது, அங்கேயே பெண் எடுத்து, பிள்ளை குட்டிகளோடு குடியிருந்துவிட்டார்கள். 1016இல் டென்மார்க்கைச் சேர்ந்த கனூட் இங்கிலாந்துக்கே அரசனானான்.

இவர்கள் பேசிய மொழியைப் பழைய நோர்ஸ் என்கிறார்கள். இன்றைய டேனிஷ், நோர்வீஜியன், சுவீடிஷ், ஐஸ்லாந்து மொழிகளின் தாய். அந்த மொழியில் கெத்தா என்று ஒரு வினை இருந்தது. அடைதல், பெறுதல், பிள்ளை பெறுதல், ஒன்றைச் செய்ய இயலுதல் எல்லாம் அதன் பொருள்கள். ஐஸ்லாந்தில் இன்றைக்கும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. ஆனால் அங்கே அதன் முக்கியமான வேலை “இயலும்” என்று சொல்வது. அவர்கள் “யெக் கெத்” என்றால் “எனக்கு ஏலும்” என்று அர்த்தம். கைக்கு எட்டுவது எதுவோ அதுதானே எங்களுக்கு ஏலும்.

பழைய ஆங்கிலத்திலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருந்தது. ஆனால் அது தனியாக நடமாடவில்லை. எப்போதும் முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்துக்கொண்டுதான் வரும். உச்சரிப்பும் வேறு. பழைய ஆங்கிலத்தில் இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த ககரம் யகரமாக இளகிவிட்டது. ஜெர்மன்காரர் மஞ்சளுக்கு கெல்ப் என்கிறார்கள், ஆங்கிலேயர் யெலோ என்கிறார்கள். நேற்றுக்கு அங்கே கெஸ்டர்ன், இங்கே யெஸ்டர்டே. அந்தக் கணக்கில் இந்த வினையும் யெற் என்ற மாதிரித்தான் இன்றைக்கு ஒலித்திருக்க வேண்டும். வல்லென்ற ககரத்தோடு அது நிற்பதே வைக்கிங்குகள் விட்டுப்போன கைரேகை. கொடு என்பதற்கான கிவ் என்ற சொல்லிலும் அதே கைரேகை உண்டு. தெற்கு இங்கிலாந்தில் அதை யிவ் என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள்.

1200 அளவில் கெற் ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்குகிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்களுக்குக் கடன் சொற்கள் புதிதில்லை. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தவை. கக்கூஸ் ஒல்லாந்தரிடம் இருந்து. யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரையும், அதன்பின் ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரையும் ஆண்டார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள், நாங்கள் வாங்கியதெல்லாம் சாமான்களின் பெயர்கள். இரு, போ, எடு, கொடு போன்ற வினைகளை ஒருவரிடமும் நாங்கள் கடன் வாங்கவில்லை. “அவர்கள்” என்ற சொல்லை வெளியாரிடம் வாங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆங்கிலம் அதைச் செய்தது. அவர்கள் என்பதற்கான தே, எடு என்பதற்கான ரேக், கூப்பிடு என்பதற்கான கோல், இவையெல்லாம் நோர்ஸ் சொற்கள். யன்னலுக்குச் சொல்கிற விண்டோவும் அப்படித்தான். காற்றின் கண் என்பது அதன் பழைய பொருள். ஆக, யன்னலுக்குப் பெயர் வைக்க எங்களுக்கும் ஆங்கிலேயருக்கும் கப்பலில் வந்தவன்தான் வேண்டியிருந்திருக்கிறான்.

கதிரையைக் கடன் வாங்கச் சந்தையில் ஒருவரையொருவர் கண்டால் போதும். வினைச்சொல்லைக் கடன் வாங்க ஒரே அடுப்படியில் கதைக்க வேண்டும். பழைய ஆங்கிலமும் நோர்ஸும் ஏற்கெனவே சொந்தக்கார மொழிகள், ஓரளவுக்கு ஒன்றை மற்றது விளங்கிக்கொள்ளும். தகப்பன் நோர்ஸ், தாய் ஆங்கிலம் என்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் வாயில் இரண்டும் கலந்ததால்தான் இவ்வளவு அடிப்படையான சொற்கள் இடம் மாறின.

கலப்பு எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் நடக்கவும் இல்லை. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுக்கூடம் வைத்த வில்லியம் கக்ஸ்டன், 1490இல் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் இருந்து புறப்பட்ட சில வியாபாரிகள் காற்று இல்லாமல் கரையோரமாக நின்றுவிட்டார்கள். சாப்பாடு தேடிக் கரைக்குப் போன ஒருவர் ஒரு வீட்டுப் பெண்ணிடம் எக்ஸ் இருக்கிறதா என்று முட்டை கேட்டார். அந்தப் பெண், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். இவருக்கோ கோபம், ஏனென்றால் இவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பக்கத்தில் நின்ற இன்னொருவர் ஐரன் வேண்டும் என்று சொன்னபிறகுதான் அவளுக்கு விளங்கியது. எக் என்பது நோர்ஸ் சொல், ஐரன் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். வைக்கிங் ஆட்சி முடிந்து 400 ஆண்டுக்கு மேலாகியும் ஒரு முட்டைக்கு இந்தப் பாடு. கெற் அந்த அளவுக்குக் கஷ்டப்படவில்லை, கெதியாகவே நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இன்னும் பழைய சொந்தம்

நோர்ஸ், ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் போன்ற மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு மூதாய் மொழி ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளரின் முடிவு. அதற்கு இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்று பெயர். அந்த மொழியில் எழுதிய கல்வெட்டோ ஏடோ கிடையாது, மகள் மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்து மீட்டெடுத்ததுதான். அந்த மீட்டெடுப்பில் கெந்த் என்று ஒலிக்கிற ஒரு வேர் வருகிறது. பொருள்: எட்டிப்பிடி, பற்று.

அந்த வேர் வடக்கே போய் கெத்தா ஆனது. லத்தீனுக்குப் போனபோது முதல் எழுத்து ஹகரமாக மாறியது. இது தற்செயல் இல்லை. விருந்தாளிக்கு ஆங்கிலத்தில் கெஸ்ட், அதன் லத்தீன் சகோதரம் ஹோஸ்டிஸ். இங்கே ககரம், அங்கே ஹகரம் என்ற அதே ஒழுங்கு. ஆக லத்தீனில் இந்த வேர் ஹெந்த் ஆகி, முன்னால் ஓர் ஒட்டுச் சேர்ந்து ப்ரெஹெந்தெரே என்று ஆனது. பொருள் அதேதான், பிடித்தல்.

இந்த லத்தீன் சொல்லின் பிள்ளைகள் பிற்பாடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தார்கள். பிடித்து அடைக்கிற இடம் பிரிசன். கள்ளனைப் பிடிப்பது அப்ரிஹெண்ட். எதிர்பாராமல் மேலே வந்து பிடித்துக்கொள்வது சர்ப்ரைஸ். தொழிலைப் பிடித்துக்கொள்கிற இளம் தொழிலாளி அப்ரென்டிஸ். ஒன்றை முழுதாக மனதில் பிடித்துக்கொள்வது கொம்ப்ரிஹெண்ட். சாதாரண தர ஆங்கிலத் தாளில் பந்தி வாசித்து விடை எழுதச் சொல்கிற கொம்ப்ரிஹென்சன் அதிலிருந்து வந்ததுதான்.

ஆக, “ஐ டோன்ற் கெற் இற்” என்று தெருவில் சொல்வதும், கொம்ப்ரிஹெண்ட் என்று கோட்டுப் போட்டுச் சொல்வதும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். பழைய ஆங்கிலத்திலும் ஒன்கியெத்தன் என்று ஒரு வினை இருந்தது. கெற் குடும்பம்தான், பொருள் விளங்கிக்கொள்ளுதல். பிடிப்பதும் விளங்குவதும் ஒன்று என்ற எண்ணம் அவ்வளவு பழையது. எங்கள் ஊரில் “எவ்வளவு சொல்லியும் அவனுக்குப் பிடிபடேல்லை” என்கிறோமே, அதில் எதைப் பிடிக்கவில்லை என்று யாராவது யோசித்திருப்போமா? பற்றுதல், பிடிபடுதல், கிரகித்தல் எல்லாவற்றிலும் கைதான் வேலை செய்கிறது.

மறப்பதும் பெறுவதும்

முன்னால் ஒட்டு வைத்துக்கொண்டு வாழ்ந்த பழைய ஆங்கிலச் சொற்கள் இரண்டு இன்றைக்கும் இருக்கின்றன. ஒன்று மறத்தலைக் குறிக்கிற ஃபொர்கெற். இதில் முன்னால் நிற்கிற ஃபொர் என்பது விலகல், இழப்பு என்ற பொருளைத் தருகிற ஒட்டு. மனதின் பிடி நழுவிப் போவதுதான் மறதி. இந்தச் சொல்லும் முதலில் யகரத்தோடுதான் ஒலித்தது, கெற்றின் செல்வாக்கில் பிற்பாடு ககரத்துக்கு மாறியது.

இரண்டாவது பிகெற். இது எனக்கு மிகவும் பிடித்த சொல், காரணம் தமிழ்.

பிகெற் என்றால் தொடக்கத்தில் வெறுமனே பெறுதல். நாளடைவில் பிள்ளை பெறுதல் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. தமிழில் பெறு என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு பெற்றார், அனுமதி பெற்றார். பிள்ளை பெற்றாள். பெற்றோர், மகப்பேறு, “நான் பெத்த பிள்ளை”. ஒரே வினை, இரண்டு வேலையும் செய்கிறது. திருக்குறளில் பிள்ளைகளைப் பற்றிய 7ஆம் அதிகாரத்தின் முதல் குறள், 61ஆவது, “பெறுமவற்றுள்” என்று தொடங்கி “மக்கட்பேறு” என்பதை எட்டுகிறது. அடைவதற்கும் பிள்ளைக்கும் ஒரே வேர்ச்சொல்லை ஒன்றே முக்கால் அடிக்குள் வள்ளுவர் வைத்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1611இல் வந்த ஆங்கில பைபிளில், மத்தேயு சுவிசேஷத்தின் வம்ச வரலாற்றில், ஆபிரகாம் ஈசாக்கை பிகெற் செய்தார் என்று வரும். பிகெற்றின் பழைய இறந்தகால வடிவம் பிகாற். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் “ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்” என்றே இருக்கிறது. ஆண் பிள்ளை பெறுவதா என்று ஞாயிறு பாடசாலையில் சிறுவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பெறு என்ற வினை பிரசவத்தை மட்டும் குறிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பிள்ளையை அடைந்தான் என்பதுதான் அங்கே பொருள். பிகெற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்திருக்காது.

பிரித்தானியாவில் ஒருவரை மடையன் என்று திட்டுகிற கிற் என்ற சொல்லும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பெற்றது, குட்டி என்ற பொருளில் கெற் பெயர்ச்சொல்லாக இருந்தது, அதன் திரிபுதான் கிற். “நான் பெத்ததுகள் எல்லாம் இப்பிடித்தான்” என்று அம்மாமார் திட்டும்போது அந்த வினை தமிழிலும் கொஞ்சம் கசந்துதான் வருகிறது.

அடை என்ற சாவி

இனிப் பொருள்களுக்கு வருவோம். பிடித்தல் முதலில் பெறுதல் ஆனது. பிடித்தது கையில் இருக்கிறது, ஆகவே அது கிடைத்துவிட்டது. கடிதம், காசு, வேலை, சம்பளம் எல்லாம் இந்த வகை. “ஐ கொற் எ லெற்றர்”, எனக்குக் கடிதம் கிடைத்தது. இதுவரை சிக்கல் இல்லை.

அடுத்தபடி, இடத்தை எட்டுதல். “வீ கொற் ரு ஜஃப்னா”, நாங்கள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். பொருளைக் கை எட்டினால் பெறுதல், இடத்தை ஆள் எட்டினால் சேர்தல். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்கிறோம், இலக்கை எட்டினார் என்றும் சொல்கிறோம்.

மூன்றாவது படியில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். சாதாரண தரம் படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: “சேர், கெற் ஓல்ட் எண்டால் கிழவனைப் பிடிக்கிறதோ?” வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. “நீர் சொல்லும், முதுமை அடைந்தார் எண்டால் என்ன?” என்று கேட்டேன். “கிழவர் ஆயிட்டார்.” “ஊரை அடைந்தார் எண்டால்?” “போய்ச் சேர்ந்தார்.” “வெற்றி அடைந்தார்?” “வெற்றி கிடைச்சது.” அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

அடை என்ற ஒரே வினை தமிழில் பொருளையும் இடத்தையும் நிலையையும் பிடிக்கிறது. கோபம் அடைந்தான், ஏமாற்றம் அடைந்தாள், குணம் அடைந்தார், புகழ் அடைந்தார், கரையை அடைந்தார். கெற்றின் உடம்பில் பாதி இதுதான். ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியளவில் கெற்றோடு பெயரடையைச் சேர்த்து, ஒரு நிலையை அடைதல் என்ற பொருளில் சொல்லத் தொடங்கினார்கள். கோபம், பசி, களைப்பு, குளிர், வெளிச்சம், இருட்டு எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை: நிலை மாறும்போதுதான் கெற் வரும். “ஐ ஆம் ஹங்ரி” என்றால் பசியாக இருக்கிறேன். “ஐ ஆம் கெற்றிங் ஹங்ரி” என்றால் பசிக்கத் தொடங்குகிறது. எங்கள் வாயில் இரண்டுமே “பசிக்குது” என்று வருவதால் பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

எங்கள் பேச்சில் உள்ள வெளிக்கிடு என்ற சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். உடுத்து ஆயத்தமாவதும் அதுதான், புறப்படுவதும் அதுதான். “வெளிக்கிட்டாச்சோ?” என்று அம்மா கேட்டால் அதை ஆங்கிலத்தில் கெற் ரெடி என்று சொல்வதா, கெற் கோயிங் என்று சொல்வதா என்று இடம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எதுவானாலும் கெற் தப்பாது.

ஏறுதல் இறங்குதல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திசைச்சொல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த நிலைக்கு ஆள் சேர்கிறார், அவ்வளவுதான். எழுந்து நடக்க இடம் உள்ள பஸ், ரயிலுக்கு கெற் ஒன், கெற் ஒஃப். குனிந்து உள்ளே புகுகிற கார், ஓட்டோவுக்கு கெற் இன், கெற் அவுட்.

அடி வாங்குதலும் தலைமயிர் வெட்டுதலும்

கெற் ஒரு செயப்பாட்டு வினையையும் உண்டாக்குகிறது. “ஹீ கொற் பீற்றன்”, அவன் அடி வாங்கினான். இது 17ஆம் நூற்றாண்டளவில் வேரூன்றிய வழக்கு. அடி வாங்கினான், ஏச்சு வாங்கினான் என்று நாங்கள் சொல்லும்போது கடையில் காசு கொடுத்து வாங்கவில்லைத்தானே. பெறுகிற வினை, படுகிற வினையாகத் திரும்பிவிட்டது.

இலக்கணப் புத்தகம் சொல்லித்தருகிற, “வோஸ்”, “வேர்” என்ற ஆங்கிலத் துணைவினைகள் போட்ட செயப்பாட்டு வினைக்கும் இதற்கும் சுவையில் வித்தியாசம் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரால் கட்டப்பட்டது என்று வரலாற்றில் எழுதும்போது ஆங்கிலத்தில் “வோஸ் பில்ற்” என்பதே பொருத்தம். சைக்கிள் களவு போய்விட்டது என்று புலம்பும்போது “கொற் ஸ்ரோலன்”. திடீரென நடந்தது, பெரும்பாலும் விரும்பாதது, கதைத்துக்கொண்டிருக்கும்போது சொல்வது, இந்த மூன்றும் சேர்ந்தால் கெற் நன்றாகப் பொருந்தும். கட்டுரையில் எழுதும்போது அளவோடு வையுங்கள்.

அடுத்தது எங்களுக்கென்றே வைத்த பொறி. தமிழில் “நேற்று சலூனுக்குப் போய் தலைமயிர் வெட்டினன்” என்கிறோம். வெட்டியவர் சலூன்காரர், கதிரையில் சும்மா இருந்தவர் நாங்கள். ஆனாலும் வெட்டினன் என்றால் கேட்பவருக்கு விளங்கும். “போன வருசம் வீடு கட்டினவை” என்றால் மேசனும் தச்சனும் கட்டினார்கள் என்று தெரியும். “பல்லுப் பிடுங்கினன்” என்றாலும் அப்படியே. இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், கண்ணாடிக்கு முன்னால் நின்று சொந்தக் கையால் கத்தரிக்கோல் பிடித்ததாகவும், குறட்டால் தன் பல்லைத் தானே இழுத்ததாகவும் ஆங்கிலேயர் நினைப்பார்கள். அங்கே “ஐ கொற் மை ஹெயர் கற்” என்று கெற்றை நுழைத்தே ஆக வேண்டும். வெட்டப்பட்ட நிலையை என் தலைக்குப் பெற்றுக்கொண்டேன் என்பது அதன் உள்ளமைப்பு. சொற்களின் ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் கெற், பிறகு பொருள், கடைசியில் அந்தப் பொருளுக்கு நடந்தது. வீடு, பல்லு, சைக்கிள், கண்ணாடி எதற்கும் இதே ஒழுங்குதான். இந்த ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டாலே பேச்சு ஆங்கிலம் பாதி நிமிர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஹாவ் கொற் என்ற புதிர்

“ஐ ஹாவ் கொற் எ பைசிக்கிள்.” இறந்தகால வடிவம் உள்ளே இருக்கிறது, பொருளோ நிகழ்காலம்: என்னிடம் சைக்கிள் இருக்கிறது. இது எப்படி?

“காசு வைச்சிருக்கிறன்” என்பதைப் பிரித்துப் பாருங்கள். வைத்து, இருக்கிறேன். வைத்த செயல் முடிந்துவிட்டது, அதன் பலன் இப்போதும் நீடிக்கிறது. அதனால் அது இப்போது என்னிடம் காசு உண்டு என்ற பொருளைத் தருகிறது. ஹாவ் கொற் செய்வதும் அதேதான். பிடித்தாகிவிட்டது, ஆகவே இப்போது கையில் இருக்கிறது. அதன் பின்னால் ரு என்பதையும் இன்னொரு வினையையும் சேர்த்தால் “போகவேண்டி இருக்கு” என்பது போன்ற கட்டாயம் பிறக்கும். பாட்டுகளில் கேட்கிற கொற்றா அதன் குறுக்கம்.

ஆங்கில ஆசிரியர்கள் பலருக்குக் கெற் மீது ஒரு வெறுப்பு உண்டு. கட்டுரையில் கண்டால் சிவப்புப் பேனாவால் வெட்டி ஒப்ரெய்ன், ரிசீவ், பிகம் என்று எழுதுவார்கள். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சு ஆண்டது. ஒப்ரெய்ன், ரிசீவ் இரண்டும் அந்தப் பிரெஞ்சு வாசலால் வந்த லத்தீன் சொற்கள், அதனால்தான் அவற்றுக்கு இன்னும் அலுவலகத் தோரணை. வைக்கிங் சொல்லுக்கு வீட்டு வாடை. எங்கள் கச்சேரி அறிவித்தலில் “விண்ணப்பப் படிவங்களைப் பெற்றுக்கொள்ளவும்” என்று இருக்கும். அதற்காகக் கடைக்குப் போகிற தம்பியிடம் “ஒரு றாத்தல் பாண் பெற்றுக்கொண்டு வா” என்று யாரும் சொல்வதில்லை. வெறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் பேச்சிலும் கெற்றை வெட்டினால் பிள்ளை அறிவித்தல் பலகை மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிடும். கச்சேரிக்குக் கடிதம் எழுதினால் ரிசீவ், கூட்டாளிக்கு மெசேஜ் போட்டால் கெற்.

கடைசியாக, வெளிநாட்டுச் சொந்தக்காரரால் வருகிற குழப்பம் ஒன்று. ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள் சில இடங்களில் கொற்றுக்குப் பதிலாகக் கொற்றன் என்பார். லண்டன் சித்தப்பா அப்படி ஒரு சொல்லே இல்லை என்பார். சித்தப்பா சொல்வது பிழை. கொற்றன்தான் பழைய வடிவம். இங்கிலாந்தில் அது மெல்ல மெல்ல வழக்கொழிந்தது, அத்திலாந்திக்கைக் கடந்து போனவர்கள் அதைக் கைவிடவில்லை. மறந்துபோன என்பதற்கு ஃபொர்கொற்றன் என்று சித்தப்பாவே சொல்வார், அதற்குள் அது பத்திரமாக இருக்கிறது. வட அமெரிக்காவில் இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி வேலை உண்டு. “ஐ ஹாவ் கொற் எ கார்” என்றால் என்னிடம் கார் இருக்கிறது, “ஐ ஹாவ் கொற்றன் எ கார்” என்றால் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். லண்டனில் இரண்டுக்கும் கொற் ஒன்றே. எங்கள் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழி என்பதால் சோதினைத் தாளில் கொற் என்றே எழுதுங்கள். மச்சாளிடம் பேசும்போது எப்படியும் பேசலாம்.